வடுவூர்ப் பானகமும் கோதாவரிக் கரையும்

மாற்றல் உத்தியோகம் பார்ப்பவரைக் கைப்பிடித்த பெண்களுக்கு ஊர் மாறுவது ஒன்றும் புதிதல்ல. பெட்டி கட்டுவது, புது ஊரில் பால்காரரைத் தேடுவது, எந்தக் கடையில் நல்ல புளி கிடைக்கும் என்று விசாரிப்பது எல்லாம் இரண்டு மூன்று மாற்றலுக்குள் பழகிவிடும். ஆனால் பண்டிகை என்று வந்துவிட்டால் மட்டும், எத்தனை வருஷம் ஆனாலும், "நம்ம ஊராக இருந்தால் இந்நேரம்..." என்று மனசு கிளம்பிவிடும். எனக்கே இப்படியென்றால், எழுபத்தெட்டு வயது வரை ஒரே தெருவில் வாழ்ந்த என் மாமியாருக்கு எப்படி இருந்திருக்கும்? அதை நான் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

என் கணவர் வங்கியில் வேலை பார்க்கிறார். 2023 ஜூன் மாதம் அவருக்குத் தெலங்கானாவில் உள்ள கொத்தகூடத்துக்கு மாற்றல் வந்தது. சிங்கரேணி நிலக்கரிச் சுரங்க நிறுவனத்தின் தலைமை அலுவலகம் இருக்கும் ஊர். ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகையில் மட்டும் ஊர்ப் பெயர் இருக்காது, 'பத்ராசலம் ரோடு' என்றுதான் எழுதியிருக்கும். உண்மையான பத்ராசலம் அங்கிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டர், கோதாவரிக்கு அந்தப் பக்கம். பெயரைப் பார்த்துவிட்டு இறங்கியதும் கோயில் கோபுரத்தைத் தேடியவள் நானும்தான்!

மாமியார் அப்போது வடுவூரில் தனியாக இருந்தார். தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் சாலையில் உள்ள ஊர் அது. பெரிய ஏரி, கோதண்டராமர் கோயில். அந்த ராமரின் சிரித்த முகத்தை ஒரு முறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 2021-ல் மாமனார் காலமான பிறகும் "ராமரை விட்டுட்டு நான் எங்கேயும் வரலை" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், 2023 நவம்பரில் கால் இடறி விழுந்த பிறகு வேறு வழியின்றி எங்களுடன் வரச் சம்மதித்தார். பழைய வீட்டை விற்றாயிற்று. ஒரு வாரத்தில் வீட்டைக் காலி செய்யும் பொறுப்பு என் தலையில்.

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். பரணில் இருந்த பித்தளைப் பாத்திரங்களை எல்லாம் மன்னார்குடியில் ஒரு கடையில் எடைக்குப் போட்டுவிட்டேன். அதில் ஒரு பெரிய அண்டாவும் இருந்தது. மாமியாரைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார், லாரியில் இடம் கிடையாது, வாடகை வீட்டில் அதை எங்கே வைப்பது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தப் பணம் லாரி வாடகையில் ஒரு பகுதிக்குச் சரியாகப் போயிற்று.

கொத்தகூடத்துக்கு வந்த மாமியார் பேச்சைக் குறைத்துக்கொண்டார். பாஷை தெரியாது. தெருவில் தெரிந்த முகம் கிடையாது. என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவளிடம் நாலு வார்த்தை, அவ்வளவுதான். மார்ச் பிறந்ததும் வெயில் ஏற ஆரம்பித்தது. தெலங்கானாவில் மார்ச் நடுவிலேயே பள்ளிகளை அரை நாளாக்கிவிடுகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன். ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு மத்தியானம் மாமியார் என் கணவரைப் பார்த்து, தன் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "நெல் வந்துடுத்தா?" என்று கேட்டார். எங்களுக்குப் பகீரென்றது. வயதாகிவிட்டதால் நினைவு தப்புகிறதோ என்று பயந்துகொண்டு டாக்டரிடம் ஓடினோம்.

டாக்டரம்மா நாக்கைப் பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், ரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கச் சொன்னார். பிறகு என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார்?" என்பதுதான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உடம்பில் நீர்ச்சத்து குறைந்து, சிறுநீரில் கிருமியும் சேர்ந்திருந்தது. வயதானவர்களுக்குத் தாக உணர்ச்சியே குறைந்துவிடுமாம். சர்க்கரை நோயும் சேர்ந்தால் உடம்பு இன்னும் சீக்கிரம் வற்றுமாம். திடீரென்று உண்டாகும் இந்த மாதிரிக் குழப்பத்தை முதுமை என்று நினைத்து வீட்டிலேயே வைத்திருக்கக் கூடாது, உடனே காட்ட வேண்டும் என்றார். மருந்து கொடுத்து, மணிக்கொரு தரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரோ மோரோ தரச் சொன்னார். நாலைந்து நாளில் மாமியார் பழையபடி தெளிந்துவிட்டார்.

தெளிந்த பிறகு மெதுவாகக் கேட்டேன். "ஏம்மா, தண்ணியே குடிக்காம இருந்தேள்?"

"குடிச்சா ராத்திரி நாலு தரம் எழுந்திருக்கணும். புது வீடு. இருட்டிலே பாத்ரூம் எங்கேன்னு தடவிண்டு போகணும். உன்னை எழுப்பறதுக்கும் மனசில்லே. ஏற்கெனவே ஒரு தரம் விழுந்து உங்களையெல்லாம் படுத்தியாச்சு" என்றார்.

சகோதரிகளே, இதைக் கேட்டு எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் இருந்தால் இந்தக் கேள்வியை ஒரு முறை கேட்டுப் பாருங்கள். அன்றைக்கே என் கணவர் நடையில் ஓர் இரவு விளக்கும், குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடியும் போட ஏற்பாடு செய்தார். சின்ன வேலைதான். வந்த முதல் நாளே செய்திருக்கலாம்.

அந்த வாரம்தான் மாமியார் காலண்டரைப் பார்த்துவிட்டு, "புதன்கிழமை ராம நவமி" என்றார். 2024 ஏப்ரல் 17. பிறகு என்னைப் பார்த்து, "அந்த அண்டா எங்கேடி வெச்சிருக்கே?" என்று கேட்டார்.

வடுவூரில் கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு ராம நவமிக்கும் வாசலில் அந்த அண்டா நிறையப் பானகம் கரைத்து, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கொடுத்தவர் அவர். பக்கத்தில் ஒரு பானையில் நீர்மோர். பெரியவர்களுக்குப் பனையோலை விசிறி. அறுவடை வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்களும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வந்து வாங்கிக் குடிப்பார்கள். நானே புது மருமகளாக அந்த வாசலில் நின்று டம்ளர் கழுவியிருக்கிறேன். எல்லாம் தெரிந்தும்தான் அண்டாவை எடைக்குப் போட்டேன்.

"பரண்லே எங்கேயோ இருக்கும்மா, பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டேன். பொய்தான்.

மறுநாள் பக்கத்து வீட்டு அம்மாவிடம் பெரிய பாத்திரம் இரவல் கேட்கப் போனேன். அவர் கணவர் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் 'பானகம்' என்று ஆரம்பித்ததுமே அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "மீரு கூடா பானகம் சேஸ்தாரா?" நீங்களும் பானகம் செய்வீர்களா என்று கேட்டுக்கொண்டே என்னுடன் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

அன்றைக்கு என் மாமியாரும் அவரும் பேசிய பேச்சு இருக்கிறதே, அதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்! இவருக்குத் தெலுங்கு தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. மாமியார் வெல்லம் என்றால் அவர் பெல்லம் என்கிறார். சுக்கு அங்கே சொண்டி. ஏலக்காய் யாலகுலு. துளசி இரண்டிலும் துளசிதான். சண்டை வந்தது ஒரே ஓர் இடத்தில். நாங்கள் எலுமிச்சம்பழம் பிழிவோம், அவர்கள் மிளகு பொடித்துப் போடுவார்கள். "மிரியாலு லேகுண்டா பானகமா?" மிளகில்லாமல் பானகமா என்று அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "எலுமிச்சம்பழம் பிழியாட்டா அது வெறும் வெல்லத் தண்ணின்னு சொல்லு அவகிட்டே" என்று மாமியார் என்னிடம் சொன்னார். அவர் அத்தனை குரல் உயர்த்திப் பேசி ஐந்து மாதம் ஆகியிருந்தது.

இன்னொரு வித்தியாசமும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். நமக்கு ராம நவமி என்றால் ராமர் பிறந்த நாள். தெலுங்கு நாட்டில் அன்றைக்குச் சீதா கல்யாணம். தெருவுக்குத் தெரு பந்தல் போட்டு, கல்யாண வீடு மாதிரியே மாவிலைத் தோரணம் கட்டுகிறார்கள். பானகமும், ஊறவைத்த பாசிப்பருப்பும் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் பொது. நாம் அதற்குக் கடுகு தாளித்து வடைப்பருப்பு என்கிறோம். அவர்கள் தாளிக்காமலே தேங்காயும் மாங்காயும் சேர்த்து வடபப்பு என்கிறார்கள்.

அன்று இரவு மனசு கேட்காமல் மாமியார் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அம்மா, அந்த அண்டாவை நான் எடைக்குப் போட்டுட்டேன். உங்களைக் கேட்டிருக்கணும்" என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "தெரியும். சாவி கொடுக்கறதுக்கு முன்னாடி பரணைப் பார்த்தேன். நீயா சொல்றியான்னு பார்க்கத்தான் கேட்டேன்" என்றார். "என் மாமியார் வாங்கினது அது. அவர் அதுக்கு முன்னாடி மண்பானையிலேதான் கரைச்சாராம். பானை கிடைக்குமா இந்த ஊர்லே?"

கோபித்துக்கொண்டிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும்.

வெயில் காலத்தில் கொத்தகூடத்துச் சாலை ஓரமெல்லாம் மண்பானைதான். திங்கட்கிழமையே ஒரு பெரிய பானை வாங்கி, கழுவி, இரண்டு நாள் தண்ணீர் நிரப்பி வைத்து மண்வாசனை போக ஊற்றினோம். நாங்கள் கரைத்த அளவை இங்கே தருகிறேன். வீட்டளவுக்கு ஒரு லிட்டர் கணக்கில் குறித்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் 1 லிட்டர், பொடித்த வெல்லம் 200 கிராம், சுக்குப் பொடி அரை டீஸ்பூன், ஏலக்காய் 4, எலுமிச்சம்பழம் 1, உப்பு ஒரு சிட்டிகை, துளசி நாலைந்து இதழ். வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து, மண் போக மெல்லிய துணியில் வடிகட்டவும். அடுப்பில் வைக்க வேண்டாம். சுக்கு, ஏலப்பொடி, உப்பு சேர்த்துக் கலக்கி, கடைசியாக எலுமிச்சைச் சாறு பிழியவும். பக்கத்து வீட்டு முறையில் வேண்டுமானால் எலுமிச்சைக்குப் பதில் அரை டீஸ்பூன் மிளகுப் பொடி. ஃபிரிட்ஜ் வேண்டாம், மண்பானைக் குளிர்ச்சியே போதும். கரைத்த அன்றே குடித்துவிட வேண்டும்.

பச்சைக் கற்பூரம் சேர்ப்பவர்கள் உண்டு. சேர்த்தால் கடுகளவுக்கு மேல் வேண்டாம். தீபாராதனைக்கு ஏற்றும் கற்பூரத்தை மறந்தும் போட்டுவிடாதீர்கள், அது விஷம். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் எந்தக் கற்பூரமும் இல்லாமலே செய்வது நல்லது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் பானகம் மருந்தாகாது. அதற்கு உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம்தான் சரி, டாக்டரிடமும் காட்ட வேண்டும். இன்னொன்று: வெல்லம் இயற்கையானது, சர்க்கரை நோயாளிகளுக்குக் கெடுதல் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வெல்லமும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும்.

புதன்கிழமை காலை, வேப்பமரத்தடியில் பானையை வைத்தோம். இரண்டு கிலோ வெல்லம், பத்து லிட்டர் தண்ணீர். பூஜை முடிந்ததும் மாமியார் உத்தரணியால் ஒரே ஒரு முறை எடுத்து வாயில் விட்டுக்கொண்டார். "போதும், எனக்கு இவ்வளவுதான்" என்று அவரே சொன்னார். அவருக்கென்று தனியாக நீர்மோர் வைத்திருந்தேன். பிறகு வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

முதலில் யாரும் வரவில்லை. எனக்கு ஒரே கவலை. பக்கத்து வீட்டு அம்மா தன் பங்குக்கு ஒரு சின்னப் பானை மிளகுப் பானகத்தோடு வந்து உட்கார்ந்து, தெருவில் போன ஆட்டோக்காரரை அதட்டிக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. ஆட்டோக்காரர்கள், வேலை முடிந்து வந்த சுரங்கத் தொழிலாளர்கள், தபால்காரர், கீரைக்காரம்மா, தெருப் பிள்ளைகள். என் மகளும் நானும் டம்ளர் கழுவினோம். ஒருவர் எங்கள் பானகத்தைக் குடித்துவிட்டு, புளிப்பு எதற்கு என்று முகம் சுளித்தார். இன்னொருவர் அதையே மறுபடி கேட்டு வாங்கினார். பதினொரு மணிக்குள் பத்து லிட்டரும் காலி.

பன்னிரண்டு மணி சுமாருக்கு டெலிவிஷனில் பத்ராசலக் கல்யாணம். மாமியாரும் பக்கத்து வீட்டு அம்மாவும் சேர்ந்து பார்த்தார்கள். அரசாங்கம் சார்பில் பட்டு வஸ்திரமும் முத்தும் வந்து சேர்கின்றன. கோல்கொண்டா சுல்தான் தானா ஷா காலத்திலிருந்து வரும் வழக்கம் என்கிறார்கள். அங்கே அட்சதையைத் தலம்பிராலு என்கிறார்கள். சிவந்த நிறத்தில் இருக்கிறது. அதற்கான நெல்லை, உலக்கையால் குத்தாமல், பக்தைகள் பலர் கூடி நகத்தாலேயே உரித்து அரிசியாக்கி அனுப்புகிறார்கள் என்று பக்கத்து வீட்டு அம்மா விரலால் செய்துகாட்டினார். மாமியார் தன் நகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"ஒரு தரம் அந்த ராமரைப் பார்க்கணும்" என்றார்.

கூட்டம் அடங்கட்டும் என்று காத்திருந்து, ஏப்ரல் 28, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குக் காரில் கிளம்பினோம். வழியில் பால்வஞ்சா. ராமதாசர் என்று நாம் சொல்லும் கஞ்செர்ல கோபன்னா பதினேழாம் நூற்றாண்டில் தாசில்தாராக இருந்த இடம். வசூலான வரிப்பணத்தைப் போட்டு பத்ராசலத்தில் கோயில் கட்டியதற்காகத்தான் கோல்கொண்டாக் கோட்டையில் சிறை வைக்கப்பட்டார். ராமனும் லட்சுமணனுமே சுல்தானிடம் வந்து கடனைத் தீர்த்ததாகக் கதை. நம் திருவையாற்றுத் தியாகராஜர் தம் கீர்த்தனையில் அவரை நினைத்திருக்கிறார் என்று என் கணவர் சொல்ல, "பின்னே? எல்லாம் ஒரே ராமர்தானே" என்றார் மாமியார்.

பாலத்தில் வண்டி ஏறியதும் கோதாவரி. கோடையில் பாதி மணல், பாதி தண்ணீர். இருந்தும் நம் காவிரியைப் போல் எத்தனை பங்கு அகலம்! மாமியார் கண்ணாடியை இறக்கச் சொல்லிக் கை கூப்பினார்.

கோயில் ஒரு சின்னக் குன்றின் மேல். வெயில் ஏறுவதற்குள் நிதானமாகப் படியேறினோம். இங்கே ராமருக்கு நான்கு கை. சங்கு, சக்கரம், வில், அம்பு. இடது மடியில் சீதை, பக்கத்தில் லட்சுமணன். ராமதாசர் செய்து போட்ட நகைகளையும் காட்டுகிறார்கள். இந்த மூர்த்தியைக் காட்டில் முதலில் கண்டெடுத்துப் பூஜித்தவள் தம்மக்கா என்ற மலைவாழ் பெண் என்றும், தினமும் பனம்பழத்தைத்தான் நைவேத்தியம் செய்தாள் என்றும் சொல்கிறார்கள். திரும்பும்போது வாசலில் நுங்கு விற்றுக்கொண்டிருந்தார்கள்.

"பார்த்தியா, தம்மக்காகிட்டே அண்டாவும் இல்லே, ஒண்ணும் இல்லே. கையிலே இருந்ததைக் கொடுத்தா" என்றார் மாமியார். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரா, தன்னையே தேற்றிக்கொண்டாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

2025-ல் ராம நவமி ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை வந்தது. முதல் நாளே பக்கத்து வீட்டு அம்மா வந்து, "பெத்தம்மா, ரெண்டு குண்டலு" என்று இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு பானை. ஒன்றில் எலுமிச்சை, ஒன்றில் மிளகு. எந்தப் பானை முதலில் காலியாகிறது என்று இரண்டு பேருக்கும் போட்டி. மிளகுதான் ஜெயித்தது. "அவா ஊர் இல்லையா" என்று மாமியார் விட்டுக்கொடுத்தார்.

அடுத்த மாற்றல் எப்போது வரும், எந்த ஊருக்கு என்று சொல்ல முடியாது. மண்பானையை லாரியில் ஏற்ற முடியாது என்பது மட்டும் தெரியும். போகிற ஊரில் புதிதாக வாங்கிக்கொள்ளலாம்.

உங்களுக்குச் சொல்வதற்கு என்னிடம் இரண்டே விஷயம்தான். வீட்டுப் பெரியவர்கள் இன்று எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தார்கள் என்று தினமும் எண்ணுங்கள். பரணில் இருப்பதை எடைக்குப் போடுமுன் அவர்களை ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் அவர்களே "எடுத்துப் போ" என்றுதான் சொல்வார்கள். ஆனாலும் கேட்டுவிட்டு எடுங்கள்.